மூத்த பிள்ளைக்கு விட்ட காலி வரி

பிறப்புப் பதிவேட்டில் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. பிறந்த தேதி, இடம், தாய், தகப்பன், தகவல் தந்தவர் என்று மற்ற கட்டங்கள் எல்லாம் சில நாட்களில் நிரம்பிவிடும். அந்த ஒன்று மட்டும் காத்திருக்கும். வீட்டில் எழுத்துப் பார்த்து, இரண்டு பக்கத்துத் தாத்தாக்களையும் சமாதானம் செய்து, பெற்றவர்கள் ஒரு மனதாக வந்து எழுதிக் கொடுக்கும்போதுதான் அது நிரம்பும். ஊரில் வயதானவர்கள் இன்னும் ‘எத்தா சிவில்’ என்று பிரெஞ்சில் சொல்லும் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில், புதுச்சேரி நகராட்சியில், இருபத்தேழு வருடம் எழுத்தராக இருந்தவர் தணிகாசலம். மனிதன் முதலில் வருகிறான், பெயர் பிறகு வருகிறது. தத்துவம் படித்தவர்கள் இதைச் சொல்லப் பல பக்கங்கள் எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு இது அலுவலக நடைமுறை.

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலை கிடைத்த பிறகு அரியாங்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டார். காலையில் டி.வி.எஸ். ஐம்பதில் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வருவார், மாலையில் அதே பாலத்தைத் தாண்டித் திரும்புவார். பெரிய ஆசைகள் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு பெருமை இருந்தது. அவர் எழுதிய பக்கங்களில் அடித்தல் கிடையாது. அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகள் சில இருந்தன. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவற்றிலிருந்து இரண்டு காரியங்களைக் கற்றுக்கொண்டிருந்தார். தவறாக எழுதியதைச் சுரண்டக் கூடாது. படிக்கும்படியாக ஒரு கோடு போட்டு, ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். காலி வரி விடக் கூடாது. விட்டுவிட்டால் அதன் குறுக்கே கோடு இழுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற எவனாவது அதில் எதையாவது நுழைத்துவிடுவான்.

2006 ஆகஸ்டில் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பியூன் சாமிக்கண்ணு பேப்பரை உரக்கப் படித்தார்.

“ஒன்பதுல ஒண்ணு அவுட்டு சார்.”

“யாரு எடுத்தது? ஆர்டர் இருக்கா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“ஆர்டரா? மேல போய்க் கேட்டுட்டு வரட்டா? லிஃப்ட்டு வேலை செய்யல சார்.”

அறை முழுவதும் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். ஆனாலும் ஒரு பதிவை எப்படி நீக்கினார்கள் என்பது அவரை விடவில்லை. மாலையில் மிஷன் வீதிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். வாக்கெடுப்பு நடந்திருந்தது, தேதி இருந்தது. சில நாட்கள் கழித்து புளூட்டோவுக்கு 134340 என்று ஒரு புது எண்ணும் கொடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தார். அதில் அவருக்குத் திருப்தி. எண் கொடுத்துவிட்டால் அது தொலையாது. ஆனால் அந்த முதல் நாளே, கொடுத்த காசுக்கு நேரம் மீதி இருந்ததால், வேறொரு பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் பட்டியல் அது. இருநூறு இருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை.

இருநூறு பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் பெயர்க் கட்டம் காலி. அவருக்கு அது தன் மேசைக்கு வர வேண்டிய கட்டு வழி தவறி வேறெங்கோ கிடப்பதைப் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டார். வரிசை எண். தாய், அதாவது நட்சத்திரம். பிள்ளை. அறிவித்த தேதி. தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் எந்த வானாய்வுக்கூடம் கண்டுபிடித்தது என்பது. பிறந்த இடத்துக்கு விண்மீன் மண்டலம். கடைசியில், அகலமாக, பெயர். ஒரு நட்சத்திரத்துக்கு அரைப் பக்கம். மேலும் பிள்ளைகள் வந்தால் எழுத இடம் வேண்டுமே.

எழுத எழுத, மேலே நடக்கிற பெயர் வைக்கும் முறை அவருக்குப் பிடிபட்டது. கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் சில நூறுக்குத்தான் சொந்தப் பெயர், அதுவும் எப்போதோ யாரோ கூப்பிட்டு நிலைத்துவிட்ட பெயர். கொஞ்சம் மங்கலானவற்றுக்கு மண்டலத்தின் பெயரோடு ஒரு கிரேக்க எழுத்து. அதற்கும் கீழே போனால் எண்தான். பறக்கும் குதிரை மண்டலத்தில் 51, கடகத்தில் 55 என்று, வானத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கே கதவு இலக்கம் போட்டுக்கொண்டு போனதுபோல. எச்.டி. என்று ஒரு பெரிய அட்டவணை இருந்தது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் நட்சத்திரங்கள், அதே வரிசையில். எந்த எண்ணைச் சொன்னாலும் வானத்தில் ஏறக்குறைய எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். பெயரால் அது முடியாது. “தெருவே தெரியாத ஊர்ல ராசான்னு பேர் வச்சுக்கிட்டு என்ன பண்றது? வீட்டு நம்பர் வேணும்” என்று மனைவி தனக்கொடியிடம் சொன்னார்.

ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு மூன்று அட்டவணைகளில் இரண்டு மூன்று எண்கள் இருந்தன. கடகத்தின் 55க்கு எச்.டி. 75732 என்றும் பெயர். இதில் அவர் குழம்பவில்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பிரெஞ்சுக் காகிதத்தில் இன்னொன்று, கோயிலில் வைத்தது வேறொன்று என்று வைத்துக்கொண்டு ஜன்னலில் வந்து நிற்பவர்களை அவர் நாள்தோறும் பார்ப்பவர்.

கோள்களுக்கு இன்னும் எளிய முறை. தாயின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சிறிய ஆங்கில எழுத்து. பி, சி, டி. கண்டுபிடித்த வரிசைதான் எழுத்தின் வரிசை. கடகம் 55க்கு ஐந்து பிள்ளைகள். அவற்றில் தாயின் மடியிலேயே கிடப்பதுபோல மிக அருகில் சுற்றுவதற்கு ‘ஈ’ என்று பெயர், ஏனென்றால் அது நான்காவதாகக் கண்ணில் பட்டது. பிறகு வந்தது அருகில் இருந்தாலும் முன்னால் எழுதியதை யாரும் மாற்றவில்லை. தணிகாசலத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவர் எதையும் சுலபத்தில் மெச்சுகிறவர் இல்லை. “ஒழுங்கா வச்சிருக்கானுங்க” என்று மட்டும் சொன்னார்.

ஒன்று மட்டும் இடித்தது. ஒன்றைத் தவிர எந்தத் தாய்க்கும் ‘ஏ’ என்ற பிள்ளை இல்லை.

வேறு யாராவது இருந்தால் கேட்டிருப்பார்கள். தணிகாசலம் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். பிறப்பை அறிவிக்கும் படிவத்தில் இது எத்தனையாவது பிரசவம் என்று ஒரு கேள்வி உண்டு. இரண்டு என்று எழுதியிருப்பார்கள். முதலாவதைத் தேடினால் பதிவில் இருக்காது. ஆத்திரமாகக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். “மொதக் கொழந்த?” என்று மெதுவாகக் கேட்பார். “அது தங்கலைங்கய்யா” என்பார்கள். அல்லது ஊரில், தாய் வீட்டில் பிறந்தது, யாரும் எழுதவில்லை என்பார்கள். அத்தனை வருட வேலையில் இப்படி எத்தனையோ மூத்த பிள்ளைகளை அவர் எழுதப்படாத இடத்தில் பார்த்திருந்தார்.

போதாக்குறைக்கு, தேதி வரிசையில் அவர் எழுதிய முதல் பதிவே அவரை ஏமாற்றியது. கன்னி மண்டலத்தில் ஒரு செத்த நட்சத்திரம். அதற்கு 1992இல் இரண்டு கோள்கள் அறிவிக்கப்பட்டன. அவர் எடுத்த பட்டியலில் அவற்றின் பெயர் பி, சி. இரண்டு வருடம் கழித்து இன்னும் உள்ளே ஒன்று கிடைத்தது. அதற்குப் பெயர் ஏ! ஆக, மூத்தது தாமதமாகத்தான் அகப்படும். அது ஒன்று மட்டும் பழைய, வேறு வழக்கத்தில் எழுதப்பட்ட வீடு என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. முதல் பக்கத்தில் பார்த்ததை விதியாக்கிக்கொண்டு, ஒவ்வொரு நட்சத்திரத்தின் கீழும் முதல் வரியைக் காலியாக விட்டார். அலுவலக விதிக்கு மாறானதுதான். ஆனால் வரப்போகிற மூத்த பிள்ளைக்கு இடம் இல்லாமல் போகலாமா?

இரண்டரை வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் கோள்கள் ஏறின. தனக்கொடிக்குப் புனர்பூசம். அதன் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்றுக்கும் ஒரு கோள் கிடைத்திருக்கிறது என்று அவர் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“என் நட்சத்திரத்துக்கா? எத்தினி பேரு?”

“ஒண்ணுதான் தெரியுது. பி. மூத்தது இன்னும் ஆப்புடல.”

“நல்லா தேடச் சொல்லுங்க. நீங்க தேடுற மாதிரியே தேடுனா எங்க ஆப்புடும்? எதுத்தாப்புல இருக்கற கண்ணாடியே உங்களுக்கு ஆப்புடாது.”

2009ஆம் ஆண்டை உலக வானியல் ஆண்டு என்று அறிவித்தார்கள். பிப்ரவரி கடைசியில், டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி நடத்த சிலர் ஏற்பாடு செய்தார்கள். அதில் முன்னால் நின்றவர் கலைச்செல்வன் என்ற கல்லூரி விரிவுரையாளர், இயற்பியல். மகனின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தவர், பேச்சுவாக்கில் பதிவேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வியந்துபோனார். அதற்கென்று தனி மேசை போடுவதாகச் சொன்னார். நோட்டீஸிலும் அச்சடித்துவிட்டார்: ‘தொலைதூரக் கோள்களின் பிறப்புப் பதிவேடு – கையெழுத்துப் பிரதி.’ தணிகாசலம் அந்த நோட்டீஸில் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கலைச்செல்வன் அரியாங்குப்பத்துக்கே வந்து பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பாராட்டினார். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தார்.

“இது என்ன சார், ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு வரி காலியா விட்டிருக்கீங்க?”

“அது மூத்த பிள்ளைக்கு.”

“எந்த மூத்த பிள்ளை?”

“ஏ-தான் சார். பி, சி இருக்குதே, ஏ எங்க? இன்னும் தெரிவிக்கல. வந்தா எழுதணுமில்ல?”

கலைச்செல்வன் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க சார்” என்றார். “ஏ வராது. ஏ-ங்கறது நட்சத்திரமேதான். அதையும் சேர்த்து எண்ணிட்டுத்தான் கோளுக்கு பி-ன்னு ஆரம்பிக்கிறாங்க.”

“தாயையும் சேத்தா?”

“தாயையும் சேர்த்து.”

“மொதப் பதிவுல ஏ இருக்குதே சார்.”

“அது ஒண்ணு மட்டும் வேற மாதிரி வச்சுட்டாங்க. அப்போ இந்த வழக்கமே வரல.”

தணிகாசலம் நோட்டை வாங்கி மூடினார். “காலி வரிய எண்ணினா எரநூத்தி எம்பத்தி மூணு வரும்” என்றார். பிறகு, “இத வைக்க வேணாம் சார். மேசையில வேற ஏதாச்சும் வச்சுக்குங்க” என்றார்.

கலைச்செல்வன் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பிழையான பதிவேட்டை ஊர் பார்க்க வைக்க முடியாது, அவ்வளவுதான். சனிக்கிழமை காலை வரை நேரம் இருக்கிறது, யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

தனக்கொடி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பாடு போடும்போது ஆரம்பித்தாள்.

“இன்னாங்க, அந்த நோட்ட என்ன பண்ணப் போறீங்க?”

“புதுசா எழுதணும்.”

“நாலு நாள்லயா?”

“இல்ல. கண்காட்சிக்கு இல்ல. பொறவு.”

“ஆபீஸ்ல ஒரு வரி தப்பாப் பூட்டா பொஸ்தகத்தக் கிழிச்சு ஆத்துல போட்டுட்டுத்தான் ஊட்டுக்கு வருவீங்களா?”

“ஆபீஸ்ல தப்பு வராது.”

“வந்தா?”

அவர் சோற்றைப் பிசைந்தார். வந்தால் என்ன செய்வது என்பதை இருபத்தேழு வருடம் அவர் மற்றவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார். கோடு போடு, ஓரத்தில் எழுது, கையெழுத்து வை. தன் கையால் அதை ஒருமுறையும் செய்ய நேரவில்லை. பிழையே இல்லாதவன் என்று ஒருவன் தன்னை நினைத்துக்கொள்வதில் எவ்வளவு பங்கு உண்மை, எவ்வளவு பங்கு அதிர்ஷ்டம் என்று பிரிப்பது கடினம். பிழையைத் திருத்தும் முறை பிழை செய்கிறவர்களுக்காகத்தான் உண்டாக்கப்பட்டது. அதில் தானும் சேர்த்தி என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு பொரியலும் ரசமும் ஆகிற நேரம் பிடித்தது.

“ஸ்கேல் எங்க கீது?” என்றார்.

அடுத்த மூன்று சாயங்காலமும் இருவரும் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அவள் ஸ்கேலை வைத்துச் சிவப்புப் பேனாவால் காலி வரியின் குறுக்கே கோடு இழுப்பாள். அவர் பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைப்பார். இருநூற்று எண்பத்து மூன்று கோடுகள். முதல் நாள் நூறு வந்தபோது தனக்கொடிக்கு விரல் வலித்தது.

“இவ்ளோ பிள்ளைங்கள ஒரே நாள்ல அடிச்சவ ஊர்லயே நான்தான்” என்றாள்.

“பிள்ளைங்க இல்ல. இல்லாத பிள்ளைங்க.”

“அப்ப சரி. பாவம் வராது. இது என்னுதா? புனர்பூசம்?”

“உன்னுதுதான்.”

அவள் அந்தக் கோட்டை மட்டும் கொஞ்சம் கவனமாக இழுத்தாள். அவர் அதைக் கண்டும் காணாததுபோல ஒப்பம் வைத்தார். அந்த மூன்று நாட்களும் அவருக்கு, எதிர்பார்த்ததற்கு மாறாக, நன்றாகவே கழிந்தன. வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், அலுவலகத் தமிழில் ஒரு குறிப்பு எழுதினார்: ‘நட்சத்திரத்தையே முதலாவதாக எண்ணுவது வழக்கம் என்பதை எழுத்தர் அறியாமையால், இல்லாத முதல் பிள்ளைக்கு இடம் விடப்பட்டது. 283 காலி வரிகள் அடிக்கப்பட்டன. அடித்தது சரி.’ கீழே முழுக் கையெழுத்து.

சனிக்கிழமை காலை பதிவேட்டைப் பார்த்த கலைச்செல்வன் மெச்சினார், ஆனால் கொஞ்சம் தயங்கினார். “பேசாம புளூட்டோ செய்திய பேப்பர்லேர்ந்து வெட்டி ஒட்டி வச்சிருக்கீங்களே, அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுடலாமா சார்? பார்க்கிறவங்க கோட்டைப் பார்த்துட்டு ஏதாவது கேட்பாங்க.”

“கேக்கட்டும்” என்றார் தணிகாசலம். கடகம் 55 பக்கத்தைத் திறந்து, காற்றில் புரளாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கேட்டார்கள். முதல் ஆள் ஓர் ஆசிரியர். “என்ன சார் இவ்வளவு அடித்தல்?” என்றார். தணிகாசலம் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். இரண்டாவது ஆளுக்கு எழுந்திருக்காமலே சொன்னார். பத்தாவது ஆள் வருவதற்குள் அது அவர் வாயில் ஒரு நல்ல கதையாகிவிட்டிருந்தது. “தாயை எண்ண மறந்துட்டேன்” என்று சொல்லி, அவர்கள் சிரிக்கும் இடத்தில் தானும் சிரிக்கப் பழகிக்கொண்டார்.

மதியம் போல வைத்திக்குப்பத்து அஞ்சம்மாள் வந்தாள். மீன் விற்கிறவள். அவளுடைய நான்கு பிள்ளைகளையும் பதிவு செய்தது தணிகாசலத்தின் கைதான். கடைசி மகள் இரண்டு மேசை தள்ளி சூரிய கிரகண மாதிரியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, ஆபீஸ இங்க தூக்கியாந்துட்டீங்க?” என்றாள். குனிந்து பார்த்தாள். “இன்னாத்துக்கு இப்புடிச் செவப்பா இழுத்து வச்சிருக்கீங்க?”

அவர் சொன்னார். நட்சத்திரம், அதைச் சுற்றும் கோள்கள், கண்டுபிடித்த வரிசையில் எழுத்து, ஏ என்று ஒரு பிள்ளை இருக்கும் என்று தான் நினைத்தது, ஏ என்பது நட்சத்திரமே என்று கலைச்செல்வன் சொன்னது. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

“இதுல இன்னா தப்பா நெனைக்கறதுக்கு இருக்குது?” என்றாள். “நாங்க பங்கு பிரிக்கறது அப்பிடித்தானே. மீனு பாடு வந்தா மொதப் பங்கு படகுக்கு. அதுக்குப் பொறவுதான் ஆளுங்களுக்கு. நாலு ஆளு போனா அஞ்சு பங்கு.”

தணிகாசலம் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“படகு இல்லாட்டி ஆளு எங்க போவான்?” என்றாள் அவள். “அதையும் ஒரு ஆளாத்தான் எண்ணுவோம். உங்களுக்கு இது தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“இத்தினி நாளு வைத்திக்குப்பத்துப் பிள்ளைங்கள எழுதுனீங்களே, ஒரு வார்த்த கேட்டிருந்தா எங்க ஊட்டுக்காரே சொல்லியிருக்குமே!” என்றாள். இப்போதுதான் சிரித்தாள். பின்னால் நின்றிருந்த நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். தணிகாசலம் அவர்களை விடச் சத்தமாகச் சிரித்தார். அன்று அவருக்கு வந்த விளக்கங்களில் அதுதான் சிறந்தது என்று கலைச்செல்வனிடம் பிறகு சொன்னார். விரிவுரையாளரும் அதை மறுக்கவில்லை. மறுநாள் தன் பேச்சில் படகுப் பங்கைத்தான் எடுத்துச் சொன்னார், அஞ்சம்மாள் பெயரோடு.

கண்காட்சி முடிந்து திங்கட்கிழமை மாலை வீட்டில் பதிவேட்டை விரித்தபோது, பிப்ரவரித் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட ஒன்று எழுதப்படாமல் இருந்தது. நட்சத்திரத்தின் பெயர் கோரோ 7. அது ஒரு செயற்கைக்கோளின் பெயர். இந்த நட்சத்திரத்தின் கோளைக் கண்டுபிடித்த தொலைநோக்கி அந்தச் செயற்கைக்கோளில்தான் இருக்கிறது. இப்படி ஏழாவதாகக் கிடைத்த தாய்க்குப் பிரசவம் பார்த்தவளின் பெயரையே வைத்துவிட்டார்கள். வானத்தில் எந்தத் தெரு என்று இந்த எண்ணை வைத்து இனிமேல் சொல்ல முடியாது. தணிகாசலத்துக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாத்துக்கும் இப்பிடித்தான் வைக்கப் போறானுங்க” என்று முணுமுணுத்தார்.

“வச்சா நமக்கென்ன? எழுதுங்க. எனக்குக் கோடு இழுக்கற வேல இருக்குதா, இல்லியா?” என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் தனக்கொடி.

“இல்ல. நீ வேலையப் பாரு.”

கறுப்புப் பேனாவை எடுத்து, தாய் என்ற கட்டத்தில் கோரோ 7 என்று எழுதினார். அடுத்த கட்டத்தில், முதல் வரியிலேயே, பி.